குஞ்சு பொரிப்பகத்துக்கு சர்வீஸ் ஆள் பிடித்த கதை

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண். நெட்வொர்க் பெட்டிகளைத் தயாரித்த கம்பெனி இனி இந்த மாடலுக்கு சப்போர்ட் தராதாம். பராமரிப்பை வெளியாள் யாரிடமாவது கொடுக்க வேண்டுமாம். மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், மூன்றும் ஒன்றுபோலவே இருக்கிறது என்றாள். "நீங்க அன்னைக்கு எப்படிங்கக்கா முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். கால் மணி நேரம் அளந்து தள்ளினேன். போனை வைத்துவிட்டுக் காபி கலக்கும்போதுதான் உறைத்தது, நான் சொன்னதெல்லாம் நான் சரியாகச் செய்ததை மட்டும். கோட்டை விட்டதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. பாவம், அந்தப் பிள்ளை அதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆவது? அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். கவிதாவுக்கு மட்டும் இல்லை, இந்த மாதிரி வேலையில் இருக்கிற யார் படித்தாலும் சரி.

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தது ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில். நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சேர்ந்தபோது டெலிபோன் ஆபரேட்டர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்ததால் கடிதம் அடிக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் டைப் தெரிந்தவள் என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். பிறகு கம்ப்யூட்டரை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு வகுப்பில் ஆறு மாதம் மாலை நேரத்தில் போய்ப் படித்தேன். கேபிள் முனையில் கிளிப் அடிக்கப் பழகியபோது முதலில் அடித்த ஐம்பதும் குப்பைக்குத்தான் போயின. கடைசியில் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ் என்று கதவில் பெயர் எழுதினார்கள். என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

பொரிப்பகம் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. செட்டர் என்பது ஆள் நுழைந்து நடக்கிற அளவு பெரிய அலமாரி. முட்டைகள் பதினெட்டு நாள் அதற்குள் சூட்டில் இருக்கும். பிறகு ஹேட்சர் என்கிற வேறொரு அலமாரியில் மூன்று நாள் இருந்து பொரிக்கும். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கிற உயிர் போய்விடும். எங்களிடம் இருபத்து நான்கு செட்டர்கள். ஒவ்வொன்றும் தன் சூட்டையும் ஈரத்தையும் ஒரு கேபிள் வழியாக அனுப்பும். அத்தனை கேபிளும் வந்து சேர்கிற பெட்டிக்குப் பெயர் ஸ்விட்ச். ஃபேன் போடுகிற சுவிட்ச் இல்லை, கணக்கு வேறு. அந்தப் பெட்டி சொல்வதை வைத்துத்தான் ஹாலின் குளிரூட்டும் விசிறிகள் வேகம் கூட்டிக் குறைக்கும், எங்காவது தப்பு நடந்தால் மணியும் அடிக்கும்.

அந்தக் கட்டடத்துக்கு ராஜா எங்கள் டாக்டர். கால்நடை மருத்துவம் படித்தவர், பொரிப்பகத்தின் மேலாளர். எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிடுவோம். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் சொல்வதன் கடைசி வார்த்தையை எடுத்துக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பார், அவ்வளவுதான். "கேபிள் நாளைக்கு வந்துரும்ங்க டாக்டர்" என்றால், "வந்துரும்?" என்பார். உடனே கடைக்குப் போன் போட்டு உண்மையிலேயே நாளைக்கு வருகிறதா என்று விசாரிப்போம். பாதி நேரம் வராது.

நோய்க்கிருமி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார். உள்ளே போகிற யாரும் கேட்டில் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கடைசி மூன்று நாளில் வேறு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தால், ஏதாவது பறவையோடு பழகியிருந்தால், உள்ளே இடம் இல்லை. இவை எதுவும் இல்லை என்றால் தலைக்குக் குளித்து, கம்பெனி உடுப்பு மாற்றி, கம்பெனி செருப்புப் போட்டுப் போகலாம். ரிஜிஸ்டரில் இதற்கென்று ஒரு கட்டம்: 'பறவைத் தொடர்பு: ஆம் / இல்லை'. ஒரு தடவை முதலாளியே தன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பண்ணையிலிருந்து நேரே வந்துவிட்டார். டாக்டர் கேட்டுக்கே வந்து, நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, அங்கேயே நிலவரம் எல்லாம் சொல்லி, சிரித்த முகமாக வழியனுப்பிவிட்டார். மாப்பிள்ளை கடைசிவரை உள்ளே பார்க்கவில்லை.

என் அறை முன்னால் ஆபீஸில், சுவருக்கு வெளியே. ஸ்விட்ச் இருந்தது உள்ளே, செட்டர் ஹாலை ஒட்டின சின்ன அறையில். வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் நான் உள்ளே போக வேண்டியிருக்கும். ரிஜிஸ்டரில் 'இல்லை' என்று எழுதி, குளித்து, ஈரத்தலையோடு போவேன்.

என் காலத்திலும் இதேபோலப் பெட்டியைத் தயாரித்த கம்பெனி கையை விரித்தபோது டாக்டரிடம் போய்ச் சொன்னேன். புதுப் பெட்டி வாங்கலாம், ஆனால் மாற்றி முடிக்க இரண்டு நாள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பொரிப்பகம் காலியாக இருக்கிற நாள் என்று ஒன்று கிடையாது. ஒரு தொகுதி முட்டை போனால் மறு தொகுதி வந்து நிற்கும். பெட்டியோ கல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இருப்பதையே வைத்துக்கொண்டு, பராமரிக்க வெளியாள் ஒருவரைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. யாரை என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பு எனக்கு.

மூன்று பேர் வந்தார்கள். சென்னைக் கம்பெனி ஒன்று, கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று, சேலத்தில் சூரமங்கலம் ஜங்ஷன் பக்கம் ஒரு சின்னக் கடை. மூன்று தாளிலும் 'நான்கு மணி நேரத்தில் வருவோம்' என்று இருந்தது. எழுதுவதற்கு என்ன, மை தானே செலவு. நான் என் வழியில் சோதித்துப் பார்த்தேன்.

முதல் சோதனை, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்கு ஊரே கறிச்சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்து கிடக்கும். சென்னையில் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. கோயமுத்தூரில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சேலத்தில் இரண்டாவது மணிக்கே எடுத்தவர் வாயில் சோற்றோடு, "சாப்புட்டுட்டு இருக்கறனுங்க, பரவால்ல, சொல்லுங்க" என்றார். அவர்தான் குணசேகரன், அந்தக் கடைக்காரர்.

இரண்டாவது சோதனை, நேரில் போய் ஸ்பேர் பெட்டியைக் காட்டச் சொன்னேன். எங்கள் மாடல்தான், வேறு மாடல் இல்லை. சென்னைக்காரர்கள் பெங்களூர் குடோனில் இருப்பதாகப் படம் அனுப்பினார்கள். கோயமுத்தூர்க்காரர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். பிரியுங்கள் என்றேன், பிரித்தால் வேறு மாடல். குணசேகரன் கடை ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், இரண்டே அறை. அலமாரியில் எங்கள் மாடல் இரண்டு, கரண்டு கொடுத்து, விளக்கு எரிந்து, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எப்போது கடைசியாகச் சோதித்தோம் என்று சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. சும்மா கிடக்கிற பெட்டியை நம்ப முடியாதாம், ஓடிக்கொண்டிருந்தால்தான் நம்பிக்கையாம். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

மூன்றாவது சோதனைக்கு ஒரு செத்த பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். தயாரித்த கம்பெனிக்காரர்கள் அதற்கு முந்தின வருடம் காரணமே சொல்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. சென்னைக்காரர்கள் அதை வாங்கிப் பார்க்கவே மாட்டோம் என்றார்கள். கோயமுத்தூர்க்காரர் வோல்டேஜ் பிரச்சினை என்று திறக்காமலே ஜோசியம் சொன்னார். குணசேகரன் திறந்தார். பிரஷ்ஷால் ஒரு மூலையைத் தள்ளினார். மஞ்சளாக எதையோ எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கோழிக்குஞ்சு ரோமமுங்களா?"

ஆமாம் என்றேன். கிருமி சாகப் பார்மலின் புகை போடுவீர்களா என்று அடுத்த கேள்வி. போடுவோம் என்றேன். பச்சை பூத்திருந்த இடத்தைக் காட்டி, ரோமம் விசிறியை அடைக்கிறது, புகை தகட்டைத் தின்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் பெட்டி சாகாது என்றார். இன்னும் மூன்று கோழிக் கம்பெனிகளில் அவர்தான் பார்க்கிறாராம், எல்லா இடத்திலும் இதே வியாதியாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தொழில் தெரிந்த ஆள்! டாக்டருக்கு எழுதிய குறிப்பில் 'கோழித் தொழிலில் அனுபவம் உள்ளவர்' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். டாக்டர் படித்தார். "அனுபவம் உள்ளவர்?" என்றார். "ஆமாங்க டாக்டர், இன்னும் மூணு கம்பெனிக்கு அவருதானுங்க" என்றேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு முட்டாள்தனத்துக்கு இரண்டு பேர் கையெழுத்து. கவிதா, நீயாவது இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு யோசித்துப் பார், நாங்கள் எதைக் கேட்காமல் விட்டோம் என்று.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குணசேகரன் தேதி குறித்து வருவார், கேட்டில் 'இல்லை' என்று எழுதுவார், குளிப்பார், பெட்டியைத் துடைப்பார், போவார். எங்களிடம் வருகிற வாரத்தில் வேறு பண்ணைப் பக்கமே போகாதபடி தன் வேலையை மாற்றி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. அவரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மாதாமாதம், எந்த ஓட்டையில் எந்தச் செட்டர் என்கிற பெட்டியின் அமைப்பை ஒரு ஃபைலாக எடுத்து அவருக்கு அனுப்பிவைப்பேன்.

பிறகு ஒரு சித்திரை மாதம், திங்கட்கிழமை. மதியம் இரண்டரை இருக்கும். என் மேஜையில் இருந்த திரையில் இருபத்து நான்கு செட்டர்களும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகிவிட்டன. மணி அடிக்கவில்லை, அடிக்க வேண்டிய பெட்டியே போய்விட்டது. இன்டர்காமை எடுத்தேன். அந்தப் பழைய இன்டர்காமையும் நெட்வொர்க்கில் சேர்த்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னபோது நான் ஆபரேட்டராக இருந்த பாசத்தில் விடாப்பிடியாகத் தனிக் கம்பியில் வைத்திருந்தேன். அன்றைக்கு அது மட்டும்தான் பேசியது.

டாக்டர் உள்ளேதான் இருந்தார். நாலு பெண்களை நோட்டோடு ஹாலில் சுற்றவிட்டார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செட்டரின் சூட்டையும் பார்த்து எழுத. குளிரூட்டும் விசிறிகள் கடைசியாக இருந்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. கையால் மாற்றினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் ஏறியது. பதினைந்து நாள் தாண்டிய முட்டை தானே சூடு விடும். வெளியே வெயில் கொளுத்துகிறது. எட்டு செட்டர்களில் பதினைந்து நாள் தாண்டிய முட்டைகள் இருந்தன. அந்தக் குஞ்சுகளுக்காக மோகனூர், ராசிபுரம் பக்கமெல்லாம் சின்னப் பண்ணைக்காரர்கள் கொட்டகையைக் கழுவி உமி பரப்பிக் காத்திருந்தார்கள்.

"ரெண்டு, ரெண்டரை மணி நேரம் சமாளிக்கலாம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

குணசேகரனைக் கூப்பிட்டேன். "பொட்டிய கேட்டுல கொண்டாந்து சேர்த்தர்றனுங்க" என்றார். உடனே கிளம்பினார். அவர் சொன்னபடி ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் கார் கேட்டில் வந்து நின்றது. புறப்படும் முன்பே நான் அனுப்பியிருந்த ஃபைலை ஸ்பேர் பெட்டியில் ஏற்றிவிட்டிருந்தார். நான் ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்குப் போனேன். நம் தேர்வு எப்பேர்ப்பட்ட தேர்வு என்று நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன்.

கேட்டில் காவல் பெரியண்ணன். ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினார். குணசேகரன் பேனாவை வாங்கி, 'ஆம்' என்று எழுதினார். பக்கத்தில் 'சனிக்கிழமை, முட்டைக்கோழிப் பண்ணை, ஆபீஸ் அறை, மூன்று மணி நேரம்' என்றும் எழுதினார். பெரியண்ணன் ரிஜிஸ்டரை மூடி, திறந்த கேட்டைச் சாத்தினார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தாற்போல் புரிந்தது. இன்னும் மூன்று கோழிக் கம்பெனிக்கு இவர்தான் என்று கோடு போட்டு எழுதினேனே, அந்த ஆள் வாரத்தில் பாதிநாள் ஏதாவது ஒரு பண்ணையில் இருந்துவிட்டுத்தானே வருவார்? சேலத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் வருவாரா என்று பார்த்தேன். கேட்டிலிருந்து உள்ளே வர மூன்று நாள் ஆகும் என்பதைப் பார்க்கவில்லை. கடையில் இருந்த இன்னோர் ஆள் அன்றைக்கு தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இருந்தார். உள்ளேயே ஒரு ஸ்பேர் வைத்திருந்தாலும் நான் போய் மாற்றியிருப்பேன். ஆனால் உற்பத்தி நின்றுபோன மாடல், அவரிடம் இருந்ததே இரண்டு, அதை எங்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வைத்திருந்தார். அதையும் நான் ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. பெரியண்ணன் இன்டர்காமில் பேசப் போன நேரம் பார்த்து நான் குணசேகரனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "தம்பி, ஆபீஸ் ரூம்ல தானே இருந்தீங்க. கோழியக் கண்ணுல கூடப் பாத்திருக்க மாட்டீங்க. அதை அடிச்சுட்டு 'இல்லை'ன்னு எழுதுங்க, நான் பெரியண்ணன்கிட்டப் பேசிக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"என்ற செருப்பு அங்க போய்ட்டு வந்துச்சுங்களே, மேடம்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, பெட்டியைக் கேட்டை ஒட்டின புகை அறையில் வைத்துச் சுத்தம் பண்ணி அனுப்பிவிடலாம், பெட்டி மட்டும் உள்ளே போனால் போதும், மாட்டுவதை நான் மாட்டிவிடலாம், அவர் இன்டர்காமில் சொல்லச் சொல்லச் செய்தால் போதும் என்றார். அதானே, நான் இருக்கிறேனே என்று எனக்கும் உயிர் வந்தது. பெட்டியைப் புகை அறைக்குள் தள்ளினோம். இருபது நிமிடம். அதற்குள் குளித்துவிடலாம் என்று ரிஜிஸ்டரை இழுத்தேன். கை பழக்கத்தில் 'இ' என்று எழுதிவிட்டது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நான் பரமத்தி வேலூரில் இருந்தேன். தங்கையைக் கொடிக்கால்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு போவேன். வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி வீடு, வாசலெல்லாம் நாட்டுக்கோழி. சாப்பிட்டு எழுந்து மீதிச் சோற்றை நான்தான் அவற்றுக்குப் போட்டேன். ஒன்று என் பாதத்தின் மேல் ஏறி நின்று தின்றது. இத்தனை வருடமாக அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது எனக்குப் பெரிய பண்ணைகள்தான் நினைவுக்கு வரும். தங்கை வீட்டுக் கோழியை நான் பறவை என்றே எண்ணியதில்லை. அது தங்கை வீடு.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல்லை எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? உள்ளே எட்டு செட்டர் முட்டை கொதிக்கிறது. மாட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பெட்டியைக் கொண்டுவந்தவர் இரண்டடி தள்ளி மரப்பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவரைப் பார்த்துவிட்டு என்னால் எழுத முடியவில்லை. 'இ'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினேன். ஊர் பெயரும் எழுதினேன். பிறகு இன்டர்காமை எடுத்தேன்.

"டாக்டர், என்னால உள்ள வர முடியாதுங்க."

"முடியாது?"

"நேத்து என் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. அங்க நாட்டுக்கோழி இருக்குதுங்க. சோறு போட்டனுங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியை மாட்ட யாரை நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். கை நிதானமாக இருக்கிற ஆள் என்றார் குணசேகரன், ரிசீவருக்குப் பக்கத்தில் வந்து. அப்படியானால் தங்கமணி என்றார் டாக்டர்.

தங்கமணி செட்டர் ஹாலில் பன்னிரண்டு வருடமாக முட்டைத் தட்டு அடுக்குகிறவர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஸ்விட்சுக்கு அவர் வைத்திருந்த பெயர் லைட்டுப் பொட்டி. சின்ன அறைக்குள் இன்டர்காமை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டாக்டர் ஹாலுக்குப் போய்விட்டார். கேபிள் ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருப்பேனே, அதைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். "அக்கா, சீட்டு இருக்குது, நம்பரக் காணமே" என்றார் தங்கமணி. பார்மலின் புகை மையைத் தின்றுவிட்டிருந்தது. மூன்று மாதமாக நான் அதைக் கவனிக்கவில்லை.

குணசேகரன் ஒரு நொடிகூடப் பதறவில்லை. புதுப் பெட்டியைப் பழசுக்கு நேர் கீழே வைக்கச் சொன்னார். "ஒண்ணப் புடுங்குங்க, அதே ஓட்டைக்கு நேர் கீழ சொருகுங்க. அப்பறம் அடுத்தது. எல்லாத்தையும் ஒரேதாப் புடுங்கிராதீங்க சாமி."

"முட்டை மாத்தற மாதிரித்தானுங்க?" என்று கேட்டார் தங்கமணி.

"அதேதானுங்க."

தங்கமணி எண்ண ஆரம்பித்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." முட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் தொடங்குவார், அதே பழக்கம். ஒவ்வொன்றும் சொருகும்போது 'டிக்' என்ற சத்தம் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று குணசேகரன் சொல்லியிருந்தார். பதினொன்றில் சத்தம் வரவில்லை. "திருப்பி" என்றார். டிக். பெரியண்ணன்கூட மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினார். இருபத்து நாலு முடிந்து கரண்டு கொடுத்ததும் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை. அது அப்படித்தான், எழுந்து உட்கார நேரம் எடுக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தும் பரமத்தி வேலூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

"அக்கா, பச்சை லைட்டு வந்துருச்சு. அய்யோ, எல்லாமே வருது" என்றார் தங்கமணி.

ஹாலில் விசிறிகள் வேகம் ஏறுகிற சத்தம் இன்டர்காமிலேயே கேட்டது. ஏழாம் நம்பர் செட்டரில் சூடு ஓரத்துக்குப் போயிருந்தது, கால் மணி நேரத்தில் இறங்கியது. மணி ஐந்துகூட ஆகவில்லை. அந்தத் தொகுதி முட்டைகள் வழக்கம்போலவே பொரிந்தன, ராசிபுரத்துக்குப் போக வேண்டியது ராசிபுரத்துக்கும் மோகனூருக்குப் போக வேண்டியது மோகனூருக்கும் போயிற்று. நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். குணசேகரன் வெறுங்காலோடு காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் எடுத்துவந்து கொடுத்தார்.

சாயங்காலம் டாக்டர் கேட் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ரிஜிஸ்டரில் நான் எழுதியிருந்ததைப் படித்தார்.

"இதுக்கு முன்னால?"

எல்லாம் சொன்னேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, எத்தனை வருடமாக என்றே தெரியாது என்றேன். அவர் ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதற்குள் முதலாளி வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. சேலத்து ஆளின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு சென்னைக் கம்பெனியைக் கூப்பிடச் சொன்னார். கேட்டோடு நின்றுபோகிற ஆளுக்கு எதற்கு ஒப்பந்தம் என்றார். தேர்ந்தெடுத்தது நான் என்பதால் எதிர்த்துப் பேச எனக்கு முகமில்லை. சரிங்க என்றேன்.

மறுநாள் காலையில் கேட்டில் புது ரிஜிஸ்டர் இருந்தது. 'ஆம் / இல்லை' கட்டத்தைக் காணோம். அந்த இடத்தில் டாக்டர் கையெழுத்தில், 'கடந்த மூன்று நாளில் எங்கெங்கே போனீர்கள்?' என்று இருந்தது. கீழே நாலு வரி எழுத இடம். அவரே முதல் ஆளாக நின்று எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நாமக்கல் என்று எழுதினார். ஞாயிறு, சேலம் அம்மாபேட்டை, மாமனார் வீடு என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவர் எழுதாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு அடுத்த வரியில் மெதுவாக எழுதினார்: 'கூண்டில் லவ் பேர்ட்ஸ், இரண்டு ஜோடி.'

பேனாவை மூடிப் பெரியண்ணனிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து, முந்தின நாள் குணசேகரன் உட்கார்ந்த அதே மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். ஏற்கனவே அதில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நிற்கப் போனேன். உட்காரச் சொன்னார். அன்றைக்கும் அதற்கு மறுநாளும் அவர் பொரிப்பகத்தை அங்கிருந்தே இன்டர்காமில் நடத்தினார். என் வேலையையும் நான் அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் பெரியண்ணன் டீ வாங்கி வந்து கொடுத்தார். இத்தனை வருட வேலையில் எனக்கு அவ்வளவு பிடித்த இரண்டு நாள் வேறில்லை. லவ் பேர்ட்ஸ் குஞ்சை எப்படி வளர்ப்பது என்று மாமனார் தன்னிடம்தான் யோசனை கேட்பார் என்றும், டாக்டரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார் என்றும் அப்போது தெரிந்தது.

கவிதா, கொட்டேஷன் கொடுத்த மூன்று பேரிடமும் நான்கு மணி நேரத்தில் வருவீர்களா என்று கேட்காதே. வருவோம் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். நேற்று எங்கே போனீர்கள், முந்தாநாள் எங்கே போனீர்கள் என்று கேள். ஸ்பேர் யார் யாருக்குப் பொது என்று கேள். பண்ணைப் பக்கமே போகாத ஒரு ஆளை நமக்கென்று ஒதுக்குவார்களா என்று கேள். அவர்களிடம் கேட்பதற்கு முன்னால் உன் கேபிள் சீட்டில் நம்பர் இருக்கிறதா என்று போய்ப் பார்.

இரண்டாம் நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது முதலாளி மறுபடி போன் செய்தார், இந்தத் தடவை டாக்டருக்கு. சேலத்து ஆளை நீக்கியாயிற்றா என்று கேட்கிறார் என்பது எனக்கு இந்தப் பக்கமே கேட்டது. டாக்டர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். கடைசி வார்த்தையைத் திருப்பிக் கேட்கவில்லை.

"'இல்லை'ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா உள்ள வந்திருப்பாருங்க. நாங்கெல்லாம் அப்பிடித்தாங்க உள்ள போயிட்டிருந்தோம். அவரு ஒருத்தருதாங்க வெளிய நின்னாரு. அதனால அவரே இருக்கட்டுமுங்க."